ஞமலிக்குட்டிக்குப் பேர் வைத்தோம்

குடும்ப வாட்ஸ்அப் குழு என்று ஒன்று இருந்தால் அதில் சில பிறவிகள் கட்டாயம் இருப்பார்கள். விடிந்ததும் ரோஜாப்பூ அனுப்புகிறவர் ஒருவர். இஞ்சியை எதோடு சேர்த்து அரைத்தால் எந்த வியாதி ஓடும் என்று அனுப்புகிறவர் ஒருவர். துக்கச் செய்திக்கு அவசரத்தில் கைதட்டும் படத்தைப் போட்டுவிட்டு, அதை அழிக்கத் தெரியாமல் தவிப்பவர் ஒருவர். இவர்களால் உலகத்துக்குப் பெரிய கெடுதல் இல்லை. ஆபத்தான ஆள், தினமும் காலையில் ஓர் அரிய தமிழ்ச்சொல்லை அனுப்புகிறவர்தான். எங்கள் குடும்பத்தில் அது நான்.

(உங்கள் குழுவிலும் அப்படி ஒருத்தி இருந்தால் இப்போதே தூக்கிவிடுங்கள். வீட்டில் குழந்தை பிறக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.)

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஈப்போவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில், அடிபட்ட கார்களின் படங்களைப் பார்த்து 'முன்விளக்கு உடைந்துள்ளது' என்று கணினியில் தட்டும் வேலை. எனக்கோ உட்கார்ந்த இடத்தில் உட்காரத் தெரியாது. ஒரு காலை மடக்குவேன், எடுப்பேன், தண்ணீர் குடிக்க எழுந்து போவேன், தண்ணீர் குடித்த காரணத்தால் மறுபடி எழுந்து போவேன். முன்விளக்குகளுக்கும் எனக்கும் ஒத்தே வரவில்லை. ஆனால் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் இலக்கியம் எடுத்து 'ஏ' வாங்கிய மிதப்பு மட்டும் மண்டையில் அப்படியே இருந்தது. அதை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டுமே. குடும்பக் குழு வாகாகக் கிடைத்தது.

அகராதியில் இருக்கும் பொருளை அப்படியே போட்டால் ஒருவரும் படிக்க மாட்டார்கள் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துபோயிற்று. அதனால் நானே பொருள் எழுத ஆரம்பித்தேன். 'ஞாட்பு: போர்க்களம். தீபாவளிக்கு முந்தின நாள் லிட்டில் இந்தியாவில் கார் நிறுத்த இடம் தேடுவது.' 'மடி: சோம்பல். அலாரத்தை அடித்து அடக்கும் வீரம்.' 'அளகு: பெட்டைக் கோழி. அழகு நிலையத்துக்குப் பலகை எழுதுகிறவர் கொஞ்சம் அசந்தால் கடைக்குள் வந்துவிடும்.' 'கூகை: ஆந்தை. பகலெல்லாம் தூங்கி இரவில் கண்ணை உருட்டுவது. நம் வீட்டில் ஒன்று உண்டு, கமுந்திங்கில் வேலை செய்கிறது.'

அந்தக் கூகை என் அண்ணன் குமரன். கமுந்திங் தொழிற்பேட்டையில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியன், பெரும்பாலும் இரவு வேலை. என் சொற்களை ஒழுங்காகப் படித்த ஒரே ஜீவன் அவன்தான். ஓய்வு நேரத்தில் தொழிற்சாலை கேண்டீனில் உட்கார்ந்து படிப்பான், சிரிக்கும் முகம் ஒன்று போடுவான். மற்றவர்கள் எல்லாரும் என் செய்தியைத் தாண்டி ரோஜாப்பூவுக்குப் போய்விடுவார்கள்.

கொஞ்ச நாளில் எனக்கு அதுவும் அலுத்தது. (எனக்கு அலுக்காதது எது?) விடுகதை மாதிரி மாற்றினேன். இன்று சொல்லும் குறிப்பும், நாளைக் காலை பொருள். அப்படி ஒரு நாள் நான் போட்ட சொல்தான் 'ஞமலி'.

ஞமலி என்றால் நாய். சங்க இலக்கியத்தில் வருகிற சொல். இதை இப்போது உங்களிடம் நேராகச் சொல்லிவிட்டேன். அன்றைக்குக் குழுவிலும் இப்படி நேராகச் சொல்லியிருந்தால் நீங்கள் இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள். நான் என்ன போட்டேன் என்றால்:

'ஞமலி: வாசலுக்கு முதலில் ஓடிவந்து வரவேற்பவள். சோறிட்டவரை ஒருநாளும் மறவாதவள். வீடே உறங்கினாலும் தான் உறங்காமல் காப்பவள். அந்நியரைக் கண்டால் அஞ்சாமல் குரல் கொடுப்பவள். பசித்தாலும் வாய்விட்டுக் கேளாமல் கண்ணாலேயே கேட்பவள். பொருள் நாளை.'

'அவள்' என்று போட்டதில்தான் வினை. 'அது' என்று போட்டால் கண்டுபிடித்துவிடுவார்களாம், அதனால் ஆளைக் குழப்புவதற்காக 'அவள்' போட்டேனாம். அவ்வளவு சாமர்த்தியம். மறுநாள் பொருளைப் போட்டேனா என்றால் இல்லை. துணி துவைக்கும்போது கைப்பேசி வாளித் தண்ணீரில் விழுந்துவிட்டது. பழுது பார்க்கும் கடையிலிருந்து அது திரும்பி வருவதற்குள் எனக்குத் தொட்டிச் செடி வளர்க்கும் பைத்தியம் பிடித்திருந்தது. சொல் போயிற்று, பொருளும் போயிற்று. என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. என் தமிழுக்கு வீட்டில் அவ்வளவு மவுசு.

ஆனால் கேண்டீனில் ஒருவன் அதைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தான். அப்போது அண்ணிக்கு ஐந்தாம் மாதம்.

அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுபத்திரா அண்ணி சிலோன் தமிழர். மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம் பார்த்த குடும்பம். அவருடைய அப்பா கனகரத்தினம் மாமா நில அளவை அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எதையும் அளந்துதான் பேசுவார், அளந்துதான் சிரிப்பார். நாங்களோ ஆயர் தாவார் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். அப்பாவும் அம்மாவும் பால் மரம் வெட்டியவர்கள். அப்பா போன பிறகு அம்மாதான் எங்களை ஈப்போவுக்கு இழுத்து வந்து ஆளாக்கினார். அண்ணனும் அண்ணியும் காதலித்தபோது அவர்கள் வீட்டில் யாரும் குறுக்கே நிற்கவில்லை. நல்லபடியாகத்தான் கல்யாணம் நடந்தது. ஆனால் கல்யாண விருந்தில், சாப்பாட்டு வரிசையில், மாமா தன் சொந்தக்காரர் ஒருவரிடம் மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னது அண்ணன் காதில் விழுந்துவிட்டது.

"தோட்டத்துப் பொடியன் எண்டாலும் நல்ல பொடியன்."

பாராட்டித்தான் சொன்னார். ஆனால் அந்த 'எண்டாலும்' சோற்றில் கடிபட்ட கல் மாதிரி அண்ணன் வாயிலேயே நின்றுவிட்டது. எத்தனையோ முறை என்னிடம் அதைச் சொல்லிக் காட்டியிருக்கிறான். மாமனார் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போவான். அவர்கள் முன்னால் மலாய் கலக்காமல் பேசப் பார்த்து, பேச்சே வராமல் தவிப்பான். மகள் பிறந்ததும் அவனுக்கு ஒரே ஒரு யோசனை. அவர்கள் பக்கத்தில் ஒருவருக்கும் தெரியாத, சுத்தமான, பழைய தமிழ்ப் பெயர் ஒன்றைப் பிள்ளைக்கு வைத்து, அந்த 'எண்டாலும்' என்கிற சொல்லை அவர்களையே விழுங்க வைக்க வேண்டும். பெயர் என்னவென்று அண்ணியைத் தவிர யாரிடமும் சொல்ல மறுத்துவிட்டான். பெயர் சூட்டு விழாவில் அத்தைக்காரி காதில் சொல்லும்போது எல்லாரும் கேட்டுக்கொள்ளட்டும் என்றான்.

அத்தைக்காரி நான்தான். எங்கள் வழக்கத்தில், குழந்தையைத் தொட்டிலில் இட்டு, ஒரு காதை வெற்றிலையால் மூடி, மறு காதில் அப்பாவின் தங்கை மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. புதுச் சேலை, அதற்கு ஏற்ற வளையல், எல்லாம் தயார்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணனின் வாடகை வீட்டில். வாசலில் கனோபிக் கூடாரம் போட்டுத் தெருவையே பாதி அடைத்திருந்தார்கள். அம்மா விடியற்காலையிலேயே பெரட்டு நடத்த ஆரம்பித்துவிட்டார். (பெரட்டு: தோட்டத்தில் விடியுமுன் ஆளை வரிசையில் நிறுத்தி வேலை பிரிப்பது. தோட்டம் போய்விட்டது, அம்மா இன்னும் நிறுத்தவில்லை.) வாழையிலை வாங்கப் போனேன், வந்தேன். ஐஸ் கட்டி வாங்கப் போனேன், வந்தேன். சேலையோடு காரில் ஏறி இறங்கி மடிப்பெல்லாம் கலைந்த நேரத்தில், கேக் எடுத்துவரச் சொன்னார்கள்.

கேக் கடைச் சீனத்து ஆன்ட்டி எந்த வயதுப் பெண்ணையும் 'லெங்லுய்' என்றுதான் கூப்பிடுவார். அழகி என்று பொருள். என்னையும் அப்படியே கூப்பிட்டு, பெட்டியைத் திறந்து காட்டினார். வெள்ளைக் கிரீமின் மேல் இளஞ்சிவப்பு எழுத்தில், என், ஒய், ஏ, எம், ஏ, எல், ஐ.

நான் ஒரு தடவை எழுத்துக் கூட்டினேன். மறுபடி கூட்டினேன். வேறு ஏதோ வீட்டு கேக் என்று நினைத்துப் பெட்டியில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்தேன். குமரன் என்றுதான் இருந்தது. ஆன்ட்டி மலாயில், நல்ல பெயர், ஆனால் கேட்பதற்கு 'ஞாமுக்' மாதிரி இருக்கிறதே, கொசுவா என்று கேட்டார்.

கொசுவாக இருந்தாலும் தேவலை, ஆன்ட்டி.

அண்ணனைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டேன், எடுத்தார். ஆனால் அம்மாவிடம் சொன்னால் அது தெருவுக்கே தெரிந்த மாதிரி. ஐஸ் போதுமா என்று கேட்டுவிட்டு வைத்தேன். காரை எடுத்தேன். வீட்டுக்குப் போகும் வளைவை விட்டுவிட்டு நேராகப் போய், திரும்பி வந்து, மறுபடியும் அதே வளைவை விட்டேன். வாய் மட்டும் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. 'அண்ணே, ஒரு சின்ன விஷயம்.' 'அண்ணே, தமிழில் ஒரு சொல்லுக்குப் பல பொருள் உண்டு.' 'அண்ணே, நாய் நல்ல பிராணி.' சிவப்பு விளக்கில் பக்கத்து மோட்டார் சைக்கிள்காரர் என்னைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கேக்கைக் குளிர்பெட்டியில் கீரைக்கட்டுகளுக்குப் பின்னால் ஒளித்தேன். அண்ணன் வெளியே ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். கைப்பேசி அதில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தது, அதனால்தான் எடுக்கவில்லை. நான் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். அப்புறம் பேசலாம்லா என்றான். கனகரத்தினம் மாமா குடும்பம் இறங்கியது. வரவேற்கப் போய்விட்டான். பின்னாலேயே போனேன். அண்ணனின் மேனேஜர் வந்தார், பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா கக் ரோஸ் வந்தார், நான் எல்லாருக்கும் வணக்கம் வைத்துக்கொண்டே அண்ணனின் முதுகைக் குத்திக்கொண்டிருந்தேன். அம்மா என்னைப் பார்த்து, ஒரு இடத்தில் நிற்காவிட்டால் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற்றிவிடுவேன் என்று பல்லைக் கடித்தார்.

கடைசியில் துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அவனை மடக்கிவிட்டேன்.

"அண்ணே, அந்தப் பேரு வேணாண்ணே."

அவன் முகம் மாறிவிட்டது. "யாரு சொன்னா? அவங்க ஏதும் சொன்னாங்களா?"

"அவங்க இல்ல. நான்தான்..."

"நீதானலா அந்தச் சொல்லப் போட்ட. எத்தன மாசமா மனசுல வச்சிருக்கேன் தெரியுமா? நம்ம வீட்லேருந்து ஒரு பேரு. நம்ம தங்கச்சி கண்டுபுடிச்ச பேரு." அவன் குரல் இளகிப் போயிருந்தது. "அவங்க யாருக்கும் தெரியாது. சுபத்திராவுக்கே தெரியல."

வாயைத் திறந்தேன். 'நா' என்ற எழுத்து வரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அண்ணி குழந்தையோடு உள்ளே வந்தார். சரியாகத் தூங்காத கண்கள். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"விஜி, இந்தப் பேரைச் சொன்ன நாளில இருந்து நான் இவளை அப்பிடித்தான் கூப்பிடுறன். ராவில வீடே நித்திரை, நானும் இவளும்தான் முழிப்பு. நீங்கள் எழுதின மாதிரியே காவல் இருக்கிறாள்." குனிந்து குழந்தையின் நெற்றியில் முத்தமிட்டார். "என்ர ஞமலிக்குட்டி."

ஞமலிக்குட்டி. நாய்க்குட்டி. ஒரு மாதமாக, தினமும், பெற்ற தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது. ஒரு வரி போட்டால் போதும் என்று கிறுக்கிய நான், அந்த ஒரு வரியை இவர்கள் எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். அந்த இடத்தில் 'நாய்' என்று சொல்ல நாக்கு எழவில்லை. அண்ணி என் கண்ணீரைப் பாசம் என்று நினைத்து என்னைக் கட்டிக்கொண்டார்.

சடங்கு ஆரம்பித்தது. எங்கள் ஆட்களிடம் மைக் ஒன்று கிடைத்துவிட்டால் சொல்லவே வேண்டாம். அண்ணன் தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பேசினான். மலாய் கலக்காமல், மலேசியப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் 'லா' ஒன்றுகூட இல்லாமல் பேசினான். எத்தனை நாள் பயிற்சி செய்தானோ. என் மகளுக்கு நம் பாட்டன் பூட்டன் காலத்துத் தமிழ்ச் சொல்லைப் பெயராக வைக்கிறேன் என்று தொடங்கி, நான் போட்ட விளக்கத்தை ஓர் எழுத்து விடாமல் ஒப்பித்தான். வாசலுக்கு முதலில் ஓடிவந்து வரவேற்பவள். சோறிட்டவரை மறவாதவள். வீடே உறங்கினாலும் உறங்காமல் காப்பவள். ஒவ்வொரு வரிக்கும் கைதட்டல். முன்வரிசையில் கனகரத்தினம் மாமா கண்ணை மூடி, ஆழ்ந்து யோசிப்பவர் போல மெல்லத் தலையாட்டினார். அண்ணன் அதைக் கவனித்தான். அவன் தோள் நிமிர்ந்ததை நான் பார்த்தேன்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

வெற்றிலையை வைத்துக் குழந்தையின் ஒரு காதை மூடினேன். காதில்தானே சொல்ல வேண்டும், மெதுவாக ஏதாவது முணுமுணுத்துவிட்டு எழுந்துவிடலாம் என்று ஒரு திட்டம் வைத்திருந்தேன். அண்ணன் குனிந்து மைக்கை என் வாய்க்கு நேராகப் பிடித்தான்.

குழந்தை என்னையே பார்த்தது. ஒன்றும் கேளாமல், கண்ணாலேயே. (நான் எழுதியதுதான்.) நான் 'ஞ' என்று ஆரம்பித்தேன். அதிலுள்ள மெய்யெழுத்து கிளம்ப மறுத்துவிட்டது. மீதி மட்டும் வெளியே வந்தது.

"அமலி. அமலி. அமலி."

ஒலிபெருக்கி அதைத் தெரு முழுக்கச் சொன்னது. கூட்டம் கைதட்டியது. முடிந்தது என்று எழுந்திருக்கப் பார்த்தேன். அண்ணன் தோளை அழுத்தி உட்கார வைத்தான். மொத எழுத்து போச்சு, சரியாச் சொல்லு என்றான். நான் மறுபடியும் அமலி என்றேன். கூட்டத்தில் சலசலப்பு. அம்மா எட்டி நின்று, ஒரு பேரைக் கூட ஒழுங்காகச் சொல்ல வரவில்லையா என்றார். அண்ணன் பொறுமை போய், அத்தனை நாள் அடக்கி வைத்திருந்த லாவெல்லாம் திரும்பி வந்து, மைக்கிலேயே கேட்டான்.

"ஞமலிலா. ஏன் சொல்ல மாட்ற? நீ போட்ட பேருதானலா?"

"நாய்ணே," என்றேன். "ஞமலின்னா நாய்."

மைக் என் வாயருகில்தான் இருந்தது.

அந்த ஒலிபெருக்கி அண்ணனின் நண்பன் கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிறது. நாய் என்கிற சொல் கனோபியைத் தாண்டி, தெருவைத் தாண்டி, எதிர் வரிசை வீடுகளில் மோதித் திரும்பி வந்தது. சமையல்காரர்கள் கரண்டியை நிறுத்திவிட்டார்கள். எதிர் வீட்டு மாடியில் ஒருவர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். கக் ரோஸ் என்ன விஷயம் என்று கேட்க, யாரோ மலாயில் சொல்ல, 'அலாமாக்', அதாவது ஐயையோ, என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். மேனேஜர் தொட்டிலைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், பிறகு தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அண்ணனைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அவன் மைக்கைப் பிடித்திருந்த கை மட்டும் என் கண்ணுக்குத் தெரிந்தது. அது மெல்லக் கீழே இறங்கியது. அவன் விழுங்க வைக்க நினைத்த சொல் இப்போது அவனுடைய தொண்டையிலேயே முழுசாக இறங்கியிருக்கும். தோட்டத்துப் பொடியன், பெற்ற பிள்ளைக்கு நாய் என்று பேர் வைத்தவன். என்னால் வந்தது. அந்த நேரத்தில் தரை பிளந்து என்னை உள்ளே இழுத்திருந்தால் நான் அதற்கு நன்றி சொல்லியிருப்பேன்.

கனகரத்தினம் மாமா எழுந்தார். மெதுவாக வந்து அண்ணன் கையிலிருந்து மைக்கை வாங்கினார். இனி நம் குடும்பத்தின் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"நானும் தெரிஞ்ச மாதிரித் தலையாட்டினனான், தம்பி," என்றார்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மகள் இந்தப் பேரை முந்தியே என்ர காதில போட்டவள். வெட்கத்தில சொல்லேல்ல. தெரியாது எண்டு சொல்ல ஏலாமல் போச்சு. நீர் பிள்ளைக்குத் தமிழ் தேடினீர். நான் எழும்பி அகராதியைக் கூடப் பார்க்கேல்ல." கொஞ்சம் யோசித்தார். அளந்தார் என்று சொல்ல வேண்டும். "நாய் எண்டாலும் நல்ல கருத்துத்தான்."

முதலில் சிரித்தது அண்ணன். என்னால் இன்றைக்கும் அந்தச் சிரிப்பை மறக்க முடியாது. மூக்கு வழியாக ஆரம்பித்து, அடக்கப் பார்த்து, முடியாமல் தொட்டில் கம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு மாமா சிரித்தார், அவர் அப்படிச் சிரித்து அவர் மகளே பார்த்ததில்லையாம். பிறகு கனோபியே சிரித்தது. அண்ணி மட்டும் கொஞ்ச நேரம் சிரிக்கவில்லை. ஒரு மாதமாகத் தான் கூப்பிட்டதை எல்லாம் மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார் போலும். அது முடிந்ததும் சிரிக்க ஆரம்பித்து, கண்ணைத் துடைக்க வெற்றிலையைத்தான் எடுத்தார்.

அமலன் எண்டால் மாசில்லாதவன், அப்ப அமலி எண்டால் மாசில்லாதவள், பிள்ளையின் வாயிலிருந்து வந்த பேரே இருக்கட்டும் என்று மாமா தீர்ப்புச் சொன்னார். (பிள்ளை என்றது என்னை. குழந்தையை அல்ல.) அது சுத்தத் தமிழ் இல்லையே என்று பின்வரிசையில் யாரோ ஆரம்பித்தார்கள். அண்ணன் திரும்பி ஒரு பார்வை பார்த்தான், அடங்கிவிட்டார்கள். அம்மா குளிர்பெட்டியைத் துழாவி, கீரைக்குப் பின்னாலிருந்து கேக்கை எடுத்து வந்தார். கத்தியால் முதல் இரண்டு எழுத்துகளை, 'என்'னையும் 'ஒய்'யையும், அப்படியே கேக்கோடு வெட்டினார். மீதி சரியாக இருந்தது. வெட்டிய துண்டை என் வாயில் திணித்து, நீயே தின்னு என்றார். தின்றேன். நல்ல கேக்தான்.

பெயர்ப் பதிவு அதற்குப் பிறகுதான் நடந்தது. பிறப்புப் பத்திரத்தில் ரோமன் எழுத்துதானே. அதில் ல, ள என்கிற தகராறெல்லாம் கிடையாது. அமலி என்றும் படிக்கலாம், அமளி என்றும் படிக்கலாம். பிள்ளை நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து நாங்கள் இரண்டாவது மாதிரித்தான் படிக்கிறோம். அத்தையைப் போலவே, உட்கார்ந்த இடத்தில் உட்காராது.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஒரு வருடம் கழித்து, வேறு எதையோ தேடி நூலகத்தில் பெரிய அகராதி ஒன்றைப் புரட்டியபோது, கை சும்மா இருக்காமல் 'ஞ' பக்கத்துக்குப் போனது. ஞமலிக்கு ஒரு பொருள் இல்லை, மூன்று. நாய். மயில். கள்.

மயில்.

நான் வாய்க்குள் நாய் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றிய அந்தக் காலைப்பொழுதில், 'மயில்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அண்ணன் தலை நிமிர்ந்து நின்றிருப்பான், அண்ணிக்கு மயில்குட்டி கிடைத்திருப்பாள், கேக் முழுசாக இருந்திருக்கும். அகராதியை மூடி, கொஞ்ச நேரம் நடந்து, திரும்பி வந்து மறுபடி திறந்து பார்த்தேன். மாறவில்லை. இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்து, சாயங்காலத்துக்குள் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். (எனக்கு வாயும் ஓரிடத்தில் நிற்காது.) அவன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பேச ஆரம்பித்தபோது, மாமாவும் அவனும் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே என்னைக் கேலி செய்யும் அளவுக்கு நெருங்கியிருந்தார்கள்.

குழுவில் இன்றும் நான் சொல் அனுப்புகிறேன். பொருளையும் கூடவே போட வேண்டும் என்பது நிபந்தனை. எந்தச் சொல்லைப் போட்டாலும் முதல் பதில் கமுந்திங்கிலிருந்து வரும், 'நாயா?' என்று. அடுத்தது மாமாவிடமிருந்து. அவரும் இப்போது எங்கள் குழுவில் இருக்கிறார். 'நாய் எண்டாலும் நல்ல சொல்.'

போன மாதம் அண்ணி தொலைபேசியில் கூப்பிட்டார். அமலி தமிழ்ப்பள்ளியில் முதல் வகுப்பு. ஆசிரியை ஒவ்வொரு பிள்ளையையும் எழுப்பி, உன் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டாராம். ஒளி என்றது ஒரு பிள்ளை, வெற்றி என்றது ஒரு பிள்ளை. எங்கள் வீட்டுப் பெண் எழுந்து நின்று, வீட்டில் எத்தனை முறை கேட்டாளோ, தானாகவே ஒரு பொருள் கட்டிச் சொல்லியிருக்கிறாள். அண்ணி அதை அப்படியே சொல்லிவிட்டு, இது உங்கட வேலைதானே என்று கேட்டார். சத்தியமாக இல்லை. நான் எழுதியிருந்தால் கடைசி வரியை விட்டிருப்பேன்.

"அமலின்னா மாசில்லாதவள், டீச்சர். வீட்ல அமளி. மொத எழுத்து போகாம இருந்தா நாய். அத்தைக்குத் தமிழ் தெரிஞ்சிருந்தா மயில்."